பஸ்ராச் சண்டை ஓயட்டும்: முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளும் பஞ்சாபிப் பெண்களின் பாட்டும்

பஞ்சாபின் கிராமங்களில் நூறாண்டுகளுக்கு முன் பெண்கள் பாடிய பாட்டு ஒன்றில் இப்படியொரு வேண்டுதல் வருகிறது: "பஸ்ராச் சண்டை ஓயட்டும், கைம்பெண்ணாகிப்போன நான் மீண்டும் சுமங்கலி ஆகட்டும்." பஸ்ரா இன்றைய இராக்கிலுள்ள துறைமுகம்; முதல் உலகப் போரில் இந்தியப் படைகள் போய் இறங்கிய இடம். கணவன் இறந்துவிட்டான் என்றால் சண்டை ஓய்வதால் அவன் திரும்பி வரப்போவதில்லை, அவன் உயிரோடு இருக்கிறான் என்றால் அவள் கைம்பெண் அல்ல. பாடுகிறவளுக்கு இது தெரியாமல் இல்லை. அவன் கப்பலேறிய அன்றே அவள் கைம்பெண் கணக்கில் சேர்ந்துவிட்டாள், அவன் வாசலில் வந்து நிற்கும் வரை அந்தக் கணக்கு மாறாது என்பதுதான் அந்த ஒற்றை அடியின் பொருள். முதல் உலகப் போரைப் பற்றிய படைவரலாறுகள் எதிலும் இந்த நிலைக்கு இடமில்லை. இறந்தவர், காயமுற்றவர், காணாமற்போனவர், சிறைப்பட்டவர் என்ற பிரிவுகளுக்குள் ஊரில் காத்திருந்தவளின் நிலை அடங்காது. அதைச் சொல்வதற்கு அன்று இருந்த ஒரே வடிவம் பாட்டு.

பதுங்குகுழிகளைப் பற்றிய பாடல்கள் என்றவுடன் படைவீரர்கள் தாங்களே பாடியவை நினைவுக்கு வருவது இயல்பு. ஐரோப்பிய நாடுகளில் அப்படிப்பட்டவை ஏராளமாக உண்டு. இந்தியாவில் நிலைத்து நின்ற பாடல்களில் பெரும்பகுதி வீட்டில் பிறந்தவை. பதுங்குகுழியைக் கண்ணால் காணாத பெண்கள் கேள்விப்பட்டதையும், கேள்விப்படாமல் விடப்பட்டதை ஊகித்ததையும் சேர்த்துக் கட்டியவை. அவற்றில் போர்க்களத்தின் வரைபடம் கிடைக்காது. போர் ஒரு குடும்பத்துக்குள் எந்த வழியாக நுழைந்தது, எங்கே தங்கியது என்பது கிடைக்கும். இந்தப் பாடல்களை வரலாற்றுச் சான்றாகவே கொள்ள வேண்டும் என்று நான் கருதுவதற்கு அதுவே காரணம்.

அந்தப் போரில் இந்தியாவிலிருந்து கடல் கடந்து சென்றவர்கள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். உயிரிழந்தவர்கள் 74,000-க்கும் மேல். போரிடும் படைகளுக்கு ஆள் கொடுத்ததில் பஞ்சாபுக்கு இணையாக வேறு மாகாணம் இல்லை. போர்க்காலத்தில் மட்டும் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கிருந்து சேர்ந்தார்கள். ராவல்பிண்டி, ஜீலம் மாவட்டங்களில் படைக்குரிய வயதுடைய ஆண்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் சீருடை அணிந்தவர்கள். சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 11 ரூபாய். கடன் சுமையும் துண்டு நிலமுமாகத் தவித்த வீடுகளுக்கு மாதாமாதம் நிச்சயமாக வரும் அந்தப் பணம் சிறிய தொகை அல்ல. நன்றாகப் பணியாற்றினால் புதிய கால்வாய்ப் பாசனப் பகுதிகளில் நிலம் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் இருந்தது. "இங்கே கிடைப்பது கிழிந்த செருப்பு, அங்கே கிடைக்கும் பூட்ஸ்; படையில் சேர்ந்துகொள்" என்று ஆள் சேர்ப்போர் ஊர் ஊராகப் பாட்டே பாடினார்கள். 1917-க்குப் பிறகு பஞ்சாபின் துணைநிலை ஆளுநர் மைக்கேல் ஓ'டுவையரின் நிர்வாகத்தில் ஒவ்வோர் ஊரும் இத்தனை பேரைத் தர வேண்டும் என்ற நெருக்கடி வந்தபோது, ஆசை காட்டிய பாட்டின் இடத்தை ஊர்த் தலையாரிகளின் மிரட்டல் பிடித்துக்கொண்டது. பெண்களின் பாடல்களை இந்த ஆள்சேர்ப்புப் பாட்டோடு சேர்த்து வாசிக்க வேண்டும். இரண்டும் ஒரே ஊரில், சில வேளை ஒரே தெருவில் ஒலித்தவை. பெண்களின் பாட்டு ஆள்சேர்ப்புப் பாட்டுக்குக் கிடைத்த பதில்.

முதலில் போனவர்கள் போய்ச் சேர்ந்த இடம் பிரான்ஸ். 1914 செப்டம்பர் இறுதியில் இந்தியப் படைகள் மார்செய் துறைமுகத்தில் இறங்கின. வெயில் காலத்துக்கான மெல்லிய காக்கித் துணியோடு இறங்கியவர்கள் சில வாரங்களில் ஃபிளாண்டர்ஸ் சமவெளியின் குளிரில் நின்றார்கள். அங்கே நிலத்தடி நீர் மேலேயே இருக்கும்; சில அடி தோண்டினாலே ஊற்றெடுத்துவிடும். எனவே குழியை ஆழப்படுத்த வழியின்றி, மணல் மூட்டைகளை அடுக்கி முன்சுவர் எழுப்பி, முழங்காலளவு சேற்றில் நின்று காவல் காத்தார்கள். பதுங்குகுழிகள் நேர்கோட்டில் வெட்டப்படுவதில்லை. சில கெஜத்துக்கு ஒருமுறை திருப்பம் வைத்து வெட்டுவார்கள். ஒரு முனையில் புகுந்த எதிரி மறுமுனை வரை சுட முடியாதபடியும், உள்ளே விழும் குண்டு அந்த ஒரு பகுதியில் இருப்பவர்களோடு ஓய்ந்துவிடும்படியும் செய்த ஏற்பாடு அது. எதிரியின் குழியைப் பிடிக்கப் போகிறவனுக்கு அதே ஏற்பாடு எமனாக மாறும். ஒவ்வொரு திருப்பத்தைக் கடக்கும்போதும் அடுத்த பக்கத்தில் யார் காத்திருக்கிறார் என்பது தெரியாது.

1915 மார்ச் 10 அன்று நூவ் ஷபேல் தாக்குதலில், இரண்டாம் கர்வால் ரைபிள்ஸ் படையணியின் கபர் சிங் நேகி அந்தத் திருப்பங்கள் ஒவ்வொன்றிலும் முதல் ஆளாகப் புகுந்தார். எதிரிகள் பின்வாங்கிச் சரணடையும் வரை விடாமல் முன்னேறிய அவர், அந்தச் சண்டையிலேயே இறந்தார். அவருக்கு விக்டோரியா கிராஸ் விருது இறப்புக்குப் பின் வழங்கப்பட்டது. இன்றைய உத்தராகண்டின் தெஹ்ரி கர்வால் பகுதியிலுள்ள சம்பாவில் அவருக்கு நினைவிடம் உண்டு. ஆண்டுதோறும் ஏப்ரலில் அங்கே திருவிழா நடக்கிறது. சிறு வயதில் மணமாகி, இளமையிலேயே கைம்பெண்ணான அவருடைய மனைவி மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1981-இல் இறக்கும் வரை கணவரின் பதக்கத்தைச் சேலையில் அணிந்திருந்தார். அவரைக் கண்ட படையினர் சல்யூட் வைத்தார்கள். ஒரு குடும்பத்துக்குள் பதுங்குகுழி நுழைந்து அறுபத்தாறு ஆண்டுகள் தங்கியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

களத்துச் செய்தி ஊருக்கு வந்து சேர்ந்த வழிகளில் முதன்மையானது கடிதம். 1915 மார்ச் வாக்கில் பிரான்சிலிருந்த இந்தியப் படையினர் வாரத்துக்குப் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் கடிதங்கள் வரை அனுப்பினார்கள். பெரும்பாலானோர்க்கு எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்த ஒருவரிடம் சொல்லி எழுதினார்கள். ஊரில் வாங்குகிறவருக்கும் படிக்கத் தெரியாது. பள்ளி ஆசிரியரோ தபால்காரரோ பலர் சூழ்ந்திருக்கப் படித்துக் காட்டினார்கள். நடுவில் தணிக்கை அதிகாரிகள் அமர்ந்திருந்தார்கள். எனவே கணவன் சொல்ல நினைத்தது மனைவியின் காதுக்கு வருவதற்குள் குறைந்தது மூன்று பேரைக் கடந்தாக வேண்டும். இதை அறிந்த வீரர்கள் மறைமொழியில் எழுதினார்கள். கறுப்பு மிளகு தீர்ந்துபோயிற்று, இப்போது சிவப்பு மிளகாய் பயன்படுத்துகிறார்கள் என்று எழுதப்பட்ட கடிதங்கள் தணிக்கைப் பதிவுகளில் இருக்கின்றன; கறுப்பு இந்திய வீரர்களையும் சிவப்பு ஆங்கிலேயரையும் குறித்தன. இது போர் அல்ல, உலகத்தின் முடிவு; மகாபாரதத்தில் சொல்லப்பட்டது போன்ற யுத்தம் இது என்று காயம்பட்ட வீரர் ஒருவர் எழுதியதும் தணிக்கையாளர்களின் அறிக்கையில் பதிவாகியுள்ளது. இந்தக் கடிதங்கள் இன்று ஆய்வாளர்கள் கைக்கு எட்டுவதே தணிக்கையாளர்கள் அவற்றை மொழிபெயர்த்துப் படியெடுத்து வைத்ததால்தான். பெண்கள் அனுப்பிய கடிதங்கள் அந்தத் தொகுப்பில் மிகக் குறைவு. அவர்களுடைய பதில் வேறோர் இடத்தில் சேர்ந்துகொண்டிருந்தது.

அந்தப் பதில்களில் பிரான்சைவிடப் பஸ்ரா உரக்க ஒலிப்பதற்கு வலுவான காரணம் உண்டு. 1915 இறுதியில் லாகூர், மீரட் காலாட்படை டிவிஷன்கள் இரண்டும் பிரான்சிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டு மெசபடோமியாவுக்கு, அதாவது இன்றைய இராக்குக்கு அனுப்பப்பட்டன. மெசபடோமியாப் போரின் நுழைவாயில் பஸ்ரா. பம்பாயிலிருந்தும் கராச்சியிலிருந்தும் கிளம்பிய கப்பல்கள் ஆள்களை அங்கேதான் இறக்கின. சிப்பாய்கள் மட்டுமின்றிச் சுமை தூக்குவோர், கோவேறு கழுதை ஓட்டுவோர், ரயில் பாதைத் தொழிலாளர் எனப் பல லட்சம் இந்தியர் அந்தத் துறைமுகத்தைக் கடந்தார்கள். அங்கே நடந்ததும் கொடியது. கூட் நகரில் சிக்கிய பிரிட்டிஷ் இந்தியப் படை 1915 டிசம்பர் 7 முதல் துருக்கியரால் முற்றுகையிடப்பட்டு, பட்டினியால் நலிந்து, 1916 ஏப்ரல் 29 அன்று சரணடைந்தது. சிறைப்பட்ட ஏறத்தாழ 13,000 பேரில் பெரும்பான்மையோர் இந்தியர். அவர்களை மீட்கப் போன படை சுமார் 23,000 பேரை இழந்தும் தோற்றுத் திரும்பியது. காயமுற்றவர்கள் மருந்தும் நிழலும் இல்லாமல் திறந்த படகுகளில் டைக்ரிஸ் ஆற்றின் வழியே நாள்கணக்கில் கிடந்து வந்தார்கள். இந்தச் சீர்கேட்டை விசாரித்த ஆணையத்தின் அறிக்கை 1917-இல் வெளிவந்தபோது, இந்திய விவகாரங்களுக்கான அமைச்சர் ஆஸ்டின் சேம்பர்லின் பதவி விலக நேர்ந்தது. லண்டனில் ஓர் அமைச்சரின் நாற்காலியை அசைத்த செய்தி, பஞ்சாபின் கிராமங்களில் பஸ்ரா என்ற ஒற்றை ஊர்ப்பெயருக்குள் அடங்கி உட்கார்ந்தது. பாடுகிறவளுக்கு அது ஒரு துறைமுகத்தின் பெயர் அல்ல; ஆண்கள் போய்த் திரும்பாத திசை முழுவதற்குமான பெயர். எங்கே போனாலும் பஸ்ராவுக்குப் போனதாகவே பாட்டு கொள்ளும்.

இந்தப் பாடல்கள் உருவான இடத்தையும் பார்க்க வேண்டும். பஞ்சாபி இளம்பெண்கள் இரவு வேளையில் ஒரு வீட்டில் கூடி ராட்டினம் சுற்றும் வழக்கத்துக்குத் திரிஞ்ஜண் என்று பெயர். நூல் நூற்பதும் பாடுவதும் அங்கே சேர்ந்தே நடக்கும். திருமணம் போன்ற நல்ல நாள்களில் வட்டமாக நின்று கைதட்டி ஆடும் கித்தா ஆட்டத்தில், ஒருத்தி போலி எனப்படும் ஓரடியையோ ஈரடியையோ எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் கடைசி அடியைப் பற்றிக்கொண்டு ஆடுவார்கள். போலிக்கு ஆசிரியர் கிடையாது. நேற்று ஒருத்தி மாமியாரைப் பற்றிப் பாடிய அடியின் முதல் பாதியை வைத்துக்கொண்டு, இன்று இன்னொருத்தி பின்பாதியில் போரைக் கொண்டுவருவாள். பொருந்தினால் அடுத்த ஊருக்குப் போகும், பொருந்தாவிட்டால் அன்றோடு மறையும். தமிழ் வாசகர்க்கு நம் ஒப்பாரியை நினைத்துக்கொண்டால் இதன் தன்மை விளங்கும்: நேரில் சொன்னால் குற்றமாகிவிடும் மனக்குறையைப் பாட்டின் பாதுகாப்புக்குள் வைத்துச் சபையிலேயே சொல்லிவிடும் உரிமை இரண்டிலும் உண்டு. சர்க்கார் கேட்டு ஆளை அனுப்பிய வீட்டில் மருமகள் சர்க்காரின் போரைச் சபிக்க முடியாது. ராட்டினத்தின் முன் அமர்ந்து பாடலாம்.

அப்படிப் பாடப்பட்டவற்றில் ஒன்றில் ஒருத்தி, இங்கே தனிமை தாங்கவில்லை, வந்து என்னையும் பஸ்ராவுக்கு அழைத்துப் போ, இரவெல்லாம் ராட்டினம் சுற்றுவேன் என்கிறாள். போர்க்களத்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது எவ்வளவு குறைவு என்பதை இந்த வேண்டுகோள் காட்டுகிறது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். எனக்கு அது தவறான வாசிப்பாகப் படுகிறது. அவளுடைய உலகத்தில் உழைப்புக்கும் உறவுக்கும் அடையாளமான கருவி ராட்டினம். அதை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்பதன் மூலம், நீ இருக்கும் இடத்தில் சாவு இருந்தாலும் வீடு ஒன்றை அமைத்துவிடலாம் என்று அவள் வாதிடுகிறாள். இன்னொரு பாட்டில் கணவனும் அவனுடைய இரண்டு சகோதரர்களும் ஒருவர் மிச்சமில்லாமல் போருக்குப் போய்விட்டார்கள். போர்ச் செய்தி கேட்டு மரத்தின் இலைகள் கருகிவிட்டன என்று அது தொடர்கிறது. ஏர் பிடிக்க ஆளில்லாத வீட்டைப் பற்றியும், தண்ணீர் பாய்ச்ச ஆளில்லாத நிலத்தைப் பற்றியும் தனியே எதையும் சொல்லவில்லை. சொல்லாமலே இலை கருகுவதற்கு இரண்டு காரணங்கள் கிடைத்துவிடுகின்றன.

கர்வால் மலைப்பகுதியில் கடல் வேறு விதமாகப் பாட்டில் நுழைந்தது. ஏழு கடல் தாண்டிப் போக வேண்டும் அம்மா, கப்பலில் ஏறட்டுமா வேண்டாமா என்று மகன் தாயைக் கேட்பதாக அங்கே ஒரு பாட்டு இன்றும் பாடப்படுகிறது. கடலையே காணாத இமயமலைக் கிராமத்து இளைஞனுக்குப் பதுங்குகுழியைவிடக் கப்பலே முதல் அச்சம். அவன் உறுதியோடு விடைபெறுவதாகப் பாடாமல், முடிவெடுக்க முடியாமல் தாயிடம் வந்து நிற்பதாகப் பாடியிருப்பதில் இந்தப் பாட்டின் உண்மை இருக்கிறது. கர்வால் ரைபிள்ஸின் வீரத்தைப் பற்றிய படைக்குறிப்புகளில் தயக்கத்துக்கு இடமில்லை. போனவர்கள் தயங்கித்தான் போனார்கள் என்பதை அவர்களுடைய வீட்டார் மறக்காமல் பாட்டில் வைத்தார்கள்.

களத்துக்குச் சென்றவரின் குரலே நாட்டார் வடிவத்தில் பதிவான அரிய நிகழ்வு ஒன்றும் உண்டு. பிரான்சில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்ட இந்திய வீரர்களில் பலர் பெர்லினுக்குத் தெற்கேயுள்ள வுன்ஸ்டார்ஃபில் அரைநிலா முகாம் என்று அழைக்கப்பட்ட இடத்தில் அடைக்கப்பட்டிருந்தார்கள். உலக மொழிகளின் ஒலியைச் சேகரிக்க விரும்பிய ஜெர்மானிய அறிஞர்கள், பிரஷ்ய அரசின் ஆதரவோடு 1915 முதல் 1918 வரை சிறைமுகாம்களில் கைதிகளைப் பேசவும் பாடவும் வைத்து, ஏறத்தாழ 250 மொழிகளிலும் வட்டார வழக்குகளிலும் இசைத்தட்டுகளாகப் பதிவுசெய்தார்கள். அவை இன்று பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தின் ஒலிக்களஞ்சியத்தில் இருக்கின்றன. 1916 டிசம்பர் 11 அன்று பெரோஸ்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த மால் சிங் என்ற சீக்கியர் ஒலிப்புனலுக்கு முன் நின்று பேசினார். ஒரு மனிதன் இருந்தான் என்று கதை சொல்வது போலத் தொடங்குகிறார். அவன் இந்துஸ்தானத்தில் வெண்ணெய் தின்றான், பால் குடித்தான். ஆங்கிலேயரிடம் வேலைக்குச் சேர்ந்து ஐரோப்பியப் போருக்கு வந்தான். ஜெர்மனி அவனைப் பிடித்துக்கொண்டது. அவன் ஊருக்குப் போக விரும்புகிறான். இன்னும் இரண்டு ஆண்டு இங்கே இருக்க நேர்ந்தால் இறந்துவிடுவான். கடவுள் அருளால் சீக்கிரம் சமாதானம் வந்தால் நாங்கள் போய்விடுவோம் என்று முடிக்கிறார். இரண்டு நிமிடத்துக்கும் குறைவான பேச்சில் 'அவன்' என்று தொடங்கியது 'நாங்கள்' என்று முடிகிறது. கைதியாக நின்று தன் வேதனையைத் தானே முறையிட அவருக்கு வழியில்லை. பாட்டி சொல்லும் கதையின் உருவத்தை எடுத்துக்கொண்டார், கடைசி வரியில் அந்த உருவம் தாங்கவில்லை. பஸ்ராப் பாட்டில் பெண் தன்னைக் கைம்பெண் என்று சொல்லிக்கொள்வதும், இங்கே ஒருவர் தன்னை வேறொருவனாகச் சொல்லிக்கொள்வதும் ஒரே கிராமியக் கலையின் இரண்டு கைவரிசைகள்.

எழுத்தில் இருந்த நினைவு எப்படி இருந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். போர் முடிந்த பின் ஆள் அனுப்பிய ஊர்களில் அரசு கல்வெட்டுப் பலகைகள் பதித்தது. இந்த ஊரிலிருந்து பெரும்போருக்கு இத்தனை பேர் சென்றனர், அவர்களில் இத்தனை பேர் உயிர் துறந்தனர் என்பதோடு அவை முடிந்துவிடும். வேலூர் மணிக்கூண்டிலும் அத்தகைய பலகையைக் காணலாம். இன்று பாகிஸ்தானிலுள்ள துல்மியால் என்ற ஊர் 460 பேரை அனுப்பியதற்காகப் பீரங்கி ஒன்றைப் பரிசாகப் பெற்றது. அது இன்றும் அங்கே நிற்கிறது. பிரான்சின் நூவ் ஷபேல் நினைவகத்தில் பெயர்கள் பொறிக்கப்பட்டன. பஸ்ரா நினைவகத்தில் ஆங்கிலேய வீரர்களுக்கும் இந்திய அதிகாரிகளுக்கும் பெயர் இடம்பெற்றது. சாதாரண இந்தியச் சிப்பாய்கள் படைப்பிரிவு வாரியாக வெறும் எண்ணிக்கையாக நின்றுபோனார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இந்தப் பாகுபாட்டை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது 2021-இல்தான். பாட்டும் தனிப்பெயர் சொல்வதில்லை, ஆனால் என் கணவன், என் கொழுந்தன், என் மகன் என்று உறவைச் சொல்லும். அதனால் அதைப் பாடிய ஒவ்வொரு வீட்டிலும் அந்த இடத்தில் பொருந்தும் பெயர் ஏற்கெனவே இருந்தது. பெயரின்றி எண்ணிய அரசின் நினைவுக்கும், பெயரை வீட்டிலேயே வைத்துக்கொண்டு பாடிய குடும்பத்தின் நினைவுக்கும் உள்ள தொலைவு இதுதான்.

இந்தப் பாடல்களைச் சான்றாகக் கொள்ளும்போது எச்சரிக்கையும் தேவை. போலிகளுக்குத் தேதி கிடையாது. 1941 ஏப்ரலில் இந்தியப் படைகள் மீண்டும் பஸ்ராவில் இறங்கின. தாய் தன் கணவனுக்காகப் பாடிய அடியை மகள் தன் கணவனுக்காகப் பாட நேர்ந்த வீடுகள் இருந்திருக்கும். ஆகவே பஸ்ரா என்று வரும் ஒவ்வோர் அடியையும் 1916-க்கே கொண்டுபோய்க் கட்டிவிடக் கூடாது. தொகுத்தவர்களின் கையும் அவற்றில் பட்டிருக்கிறது. கல்லூரிப் படிப்பை விட்டுவிட்டு நாடோடியாகத் திரிந்து நாட்டுப்பாடல் சேகரித்த தேவேந்திர சத்யார்த்தி (1908–2003) போன்றோரும், லண்டனில் வாழ்ந்துகொண்டு பஞ்சாபியரின் போர் நினைவுகளைத் தேடிச் சேர்த்த கவிஞர் அமர்ஜித் சந்தனும் இல்லாவிட்டால் இவற்றில் பல மறைந்திருக்கும். இருந்தாலும் அச்சில் வந்த பாடல்களுடன் பாடியவளின் ஊரும் வீடும் சேர்ந்து வருவது அரிது. 1947 பிரிவினை இன்னொரு வெட்டு. அதிகம் பேரை அனுப்பிய ராவல்பிண்டி, ஜீலம் பகுதிகளின் பாடல்கள் எல்லைக்கு அந்தப்பக்கமும், அங்கிருந்து துரத்தப்பட்ட சீக்கிய, இந்துக் குடும்பங்களின் நினைவுகள் இந்தப்பக்கமுமாகச் சிதறின.

இப்போது அந்த இடைவெளியை ஓரளவு நிரப்ப வழி பிறந்திருக்கிறது. போர் முடிந்தபின் பஞ்சாப் அரசு ஊர்வாரியாகத் தொகுத்த பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் நூறாண்டு காலம் யாரும் பாராமல் கிடந்தன. ஏறத்தாழ 3,20,000 பேரின் பெயர், தந்தை பெயர், ஊர், படைப்பிரிவு ஆகிய விவரங்கள் கொண்ட அவற்றைக் கிரீனிச் பல்கலைக்கழகமும் பிரிட்டனிலுள்ள பஞ்சாபிய மரபு அமைப்பு ஒன்றும் மின்வடிவாக்கி, 2021 நவம்பரில் ஜலந்தர், லூதியானா, சியால்கோட் மாவட்டப் பகுதியை முதலில் பொதுப் பார்வைக்கு வைத்தன. ஓர் ஊரின் பதிவேட்டையும் அதே ஊரில் பாடப்பட்ட போலியையும் அருகருகே வைத்தால், மூன்று சகோதரர்களும் போய்விட்டதாகப் பாடிய வீடு எது என்று தேடத் தொடங்கலாம். அதற்கு வேண்டியது, இரு பஞ்சாபிலும் கித்தா ஆடத் தெரிந்த முதிய பெண்களிடம் பாட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வராமல், யாரிடம் கற்றார், எந்த ஊரில் மணமுடித்துப் போனார், அந்த வீட்டிலிருந்து யார் கப்பலேறினார் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளும் சேகரிப்பாளர்கள்.